வெப்பத் தகைவு சிமுலேஷன்: எண்ணைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாகத்தை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் வெப்பத் தகைவுக் கணக்கு போடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆன்சிஸ், அபாகஸ், நாஸ்ட்ரான், காசில்லாமல் கிடைக்கும் கால்குலிக்ஸ் என்று எதில் வேலை செய்தாலும் தவறுகள் ஒரே மாதிரிதான் வருகின்றன. அலுவலகத்தில் ஸ்ட்ரெஸ் என்று சொல்வதை, அதாவது பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசையை, பாடநூல் தகைவு என்கிறது; இங்கே இரண்டும் ஒன்றே.

எடுத்துக்காட்டுகள் எல்லாம் சாதாரண எஃகுக்கு: யங் குணகம் (பொருளின் விறைப்பு) 2,00,000 மெகாபாஸ்கல், வெப்ப விரிவுக் குணகம் டிகிரிக்கு 12 × 10⁻⁶, பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே சுருங்கும் விகிதம்) 0.3. முதல் இரண்டையும் பெருக்கினால் 2.4 வரும். இந்த 2.4-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த எண்ணை வைத்துத்தான்.

2.4 என்றால் என்ன? அதை வைத்து என்ன செய்வது?

இரண்டு முனையும் அசையாமல் பிடித்த ஒரு எஃகுக் கம்பியை ஒரு டிகிரி சூடாக்கினால் அதில் எழும் அமுக்கத் தகைவு 2.4 மெகாபாஸ்கல். நூறு டிகிரிக்கு 240. கம்பி நீளமா குட்டையா, தடியா மெல்லியதா என்பது பற்றிக் கவலையே இல்லை.

ஒரு திசைக்குப் பதில் இரண்டு திசையில் பிடித்தால், அதாவது நான்கு பக்கமும் கட்டுண்ட தகடு என்றால், 2.4-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும்: டிகிரிக்கு 3.43. மூன்று திசையிலும் இறுக்கினால் 0.4-ஆல் வகுக்க வேண்டும்: டிகிரிக்கு 6. அலுமினியத்துக்குக் கம்பிக் கணக்கில் சுமார் 1.6 வரும்.

ரிசல்ட் வந்ததும் மெஷ்ஷையோ (எலிமென்டுகளின் வலை) சால்வரையோ (கணக்கைத் தீர்க்கும் பகுதி) தொடாதீர்கள். அந்தத் தகைவை முதலில் 2.4-ஆல், பிறகு 3.43-ஆல், பிறகு 6-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு வெப்பநிலையாக வந்து நின்றால், திருடன் யார் என்று பாதி தெரிந்துவிட்டது.

குழாயின் இரு முனையையும் பிடித்திருக்கிறேன். அறை வெப்பநிலை 22 டிகிரி. எந்தச் சுமையும் இல்லை. ஆனாலும் 53 மெகாபாஸ்கல் காட்டுகிறதே?

53-ஐ 2.4-ஆல் வகுத்தால் 22. மென்பொருள் உங்கள் குழாய் சுழியம் டிகிரியில் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

வெப்பத் திரிபு, அதாவது சூட்டால் நீளம் மாறும் விகிதம், எப்போதும் ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கப்படுவது. தகைவே இல்லாத அந்த வெப்பநிலையை ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர் என்கிறார்கள். ஆன்சிஸ் மெக்கானிக்கல் திரையில் அது தானாக 22 என்று உட்கார்ந்திருக்கும். அதே ஆன்சிஸின் பழைய கட்டளை மொழியில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் சுழியம். அபாகஸில் தொடக்க வெப்பநிலையை இனிஷியல் கண்டிஷனாகக் கொடுக்க மறந்தால் அங்கேயும் சுழியம்தான். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாடலை மாற்றும்போது இந்தத் தகவல் வழியில் நழுவிப்போவது வாடிக்கை.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. 703 வந்தால், வெப்பநிலையைக் கெல்வினில் 293 என்று கொடுத்துவிட்டு ரெஃபரன்ஸை சுழியமாக விட்டிருக்கிறீர்கள். 655 வந்தால், வெப்பநிலை கெல்வினில், ரெஃபரன்ஸ் 20 டிகிரி செல்சியஸில்.

புரிய வைக்க நான் எப்போதும் தண்டவாளத்தைத்தான் காட்டுவேன். மூட்டு இல்லாமல் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளத்தை ரயில்வே ஆட்கள் கண்ட நேரத்தில் பூட்டிவிட மாட்டார்கள். அந்தப் பகுதியின் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப ஒரு தகைவற்ற வெப்பநிலையை முடிவு செய்து, தண்டவாளம் அந்த நிலையில் இருக்கும்படி பூட்டுவார்கள். காலைக் குளிர்ச்சியில் வேலை நடந்தால் ஹைட்ராலிக் கருவியால் இழுத்து நீட்டிப் பூட்டுவார்கள். அதுதான் அவர்களுடைய ரெஃபரன்ஸ் டெம்பரேச்சர். 60 கிலோ தண்டவாளத்தின் குறுக்குவெட்டு சுமார் 7,700 சதுர மில்லிமீட்டர். பூட்டிய வெப்பநிலையைவிட 40 டிகிரி ஏறினால் 96 மெகாபாஸ்கல், விசையாகச் சொன்னால் ஏறத்தாழ 75 டன். திரையில் ஒரு கட்டத்தில் தட்டும் எண்ணுக்குக் கள நிலவரத்தில் இவ்வளவு எடை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. எங்கும் பிடிக்காத, ஒரே உலோகத்தாலான பாகம் சீரான வெப்பநிலையில் இருந்தால், ரெஃபரன்ஸ் தவறாக இருந்தாலும் தகைவு சுழியமாகத்தான் வரும். நீட்சி மட்டும்தான் தவறும். எனவே தகைவு சரியாக இருக்கிறது என்பதற்காக ரெஃபரன்ஸும் சரி என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஃபிக்ஸ்டு சப்போர்ட் கொடுத்த முகத்தில் மட்டும் தகைவு எகிறுகிறது. மெஷ்ஷைச் சிறிதாக்கினால் இன்னும் ஏறுகிறது. ஏன்?

வெப்பத் தகைவில் நான் பார்க்கும் தவறுகளில் முதலிடம் இதற்கே. எந்திரச் சுமைக் கணக்கில் ஒரு முகத்தை அப்படியே பிடிப்பது பெரிய குற்றமில்லை. வெப்பக் கணக்கில் அப்படிப் பிடித்தால், அந்த முகம் விரியவே கூடாது என்று ஆணை போட்டதாக அர்த்தம். பாகத்தின் மற்ற இடமெல்லாம் விரிய, அந்த முகம் மட்டும் சுருங்கிய நிலையில் நிற்கும். விளிம்பில் தகைவு கணிதப்படி எல்லையில்லாமல் போகும். மெஷ் சிறிதாகச் சிறிதாக அந்த முடிவிலியை இன்னும் கிட்டத்தில் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வால்வு உடலுக்கு இப்படியே கணக்குப் போட்டு, 1,100 மெகாபாஸ்கல் வருகிறது, வடிவமைப்பு தேறாது என்று அறிக்கை எழுதிவிட்டேன். சீனியர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ரியாக்ஷன் ஃபோர்ஸ் எவ்வளவுப்பா?” பார்த்தேன். பிடிப்பு திருப்பித் தரும் அந்த விசை பல நூறு டன். அந்த வால்வை அவ்வளவு விசையோடு யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாகம் நிஜத்தில் சுதந்திரமாக விரியக்கூடியது என்றால் 3-2-1 முறையில் பிடியுங்கள். ஒரு மூலையில் ஒரு நோடை (எலிமென்டுகள் சேரும் புள்ளி) எடுத்து மூன்று திசையிலும் நிறுத்துங்கள். அங்கிருந்து எக்ஸ் அச்சின் வழியே தள்ளி இருக்கும் இரண்டாவது நோடை ஒய், இசட் திசைகளில் மட்டும். முதல் நோடிலிருந்து ஒய் அச்சின் வழியே தள்ளி இருக்கும் மூன்றாவது நோடை இசட் திசையில் மட்டும். மொத்தம் ஆறு. பாகம் பறந்தும் போகாது, சுழலவும் செய்யாது, ஆனால் எல்லாப் பக்கமும் விரியும். இங்கே பலர் சறுக்கும் இடம் இரண்டாவது நோடு. முதல் நோடையும் அதையும் இணைக்கும் கோட்டின் திசையில் அதைப் பிடித்துவிட்டால், இடையில் இருக்கும் உலோகம் விரிய வழியில்லாமல் போய்விடும்.

சரியாகச் செய்தீர்களா என்று அறிய மேற்சொன்ன சீனியரின் கேள்வியே போதும். வெளிச் சுமை எதுவும் இல்லாத வெப்பக் கணக்கில், 3-2-1 பிடிப்பின் ரியாக்ஷன் விசைகள் ஒவ்வொன்றும் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு நோடில் சில நூறு நியூட்டன் நின்றால்கூட எங்கோ தவறு.

பாகம் உண்மையிலேயே பிடிக்கப்பட்டிருந்தால் அந்தப் பிடிப்பின் விறைப்பையும் மாடலில் கொண்டுவாருங்கள். கிடைமட்டப் பாத்திரங்களை இரண்டு சேடில் (தாங்கு பீடம்) மேல் வைப்பார்கள். ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி, மற்றதன் துளையை நீள்துளையாக வெட்டியிருப்பார்கள். அந்த நீள்துளை அங்கே இருப்பதே வெப்பத்தில் பாத்திரம் நகரத்தான். அதை மாடலில் இறுக்கி வைத்துவிட்டுத் தகைவு அதிகம் என்று வடிவமைப்பாளரைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு பக்கம் 300 டிகிரி, மறுபக்கம் 30. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் தகைவு சுழியம் என்கிறது. சால்வர் பழுதா?

இல்லை, சால்வர் சரியாகத்தான் சொல்கிறது. ஒரே பொருளாலான, எங்கும் பிடிக்காத திண்மத்தில் வெப்பநிலை நேர்கோட்டில் மாறினால் தகைவு எழாது. சூடான பக்கம் நீளும், குளிர்ந்த பக்கம் அப்படியே இருக்கும், தகடு வில்லாக வளைந்து சமாதானமாகிவிடும். வேறுபாடு பெரிதாக இருக்கிறதே என்று நினைப்பதால்தான் நமக்கு இது நம்ப முடியாததாகத் தெரிகிறது.

அதே தகட்டை வளையவிடாமல் தட்டையாக நிறுத்திப் பாருங்கள். மேற்பரப்பில் டிகிரிக்கு 3.43-இல் பாதி, அதாவது 1.71 வரும். 270 டிகிரிக்கு ஏறக்குறைய 463 மெகாபாஸ்கல். சூடான பக்கம் அமுக்கம், குளிர்ந்த பக்கம் இழுப்பு. குழாய்ச் சுவரில் இப்படித்தான் நடக்கிறது. குழாய் ஒரு மூடிய வளையம், அதனால் சுவர் தன்னிஷ்டத்துக்கு வளைந்து கொடுக்க முடியாது. மெல்லிய சுவர் குழாய்க்கு உள்ளே வெளியே வெப்பநிலை வேறுபாடு தெரிந்தால், 1.71-ஆல் பெருக்கி எதிர்பார்க்க வேண்டிய எண்ணை ரன் கொடுக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சுழியத்தை ஒரு சோதனையாகவும் பயன்படுத்தலாம். புது மாடல் கையில் வந்ததும், எல்லாப் பாகத்துக்கும் ஒரே பொருளைக் கொடுத்து, 3-2-1-இல் பிடித்து, சீரான 100 டிகிரி கொடுத்து ஓட்டிவிடுவேன். தகைவு சுழியமாக வராத இடத்தில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது: மறந்துபோன சப்போர்ட், தவறான கான்டாக்ட் (பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தின் அமைப்பு), விறைப்பான இணைப்பு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு வாரம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சோதனையில் போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் தகைவு நிற்கிறது. அங்கே ரிஜிட் லிங்க் போட்டிருக்கிறேன். அதுவா காரணம்?

அதுவேதான். நாஸ்ட்ரானில் ஆர்பிஇ2 என்று சொல்லும், துளை விளிம்பை ஒரு மைய நோடோடு இணைக்கும் விறைப்பான சிலந்திக் கால்கள் சூடேறினாலும் நீளாது. 500 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை 200 டிகிரி சூடாக்கினால் அது 1.2 மி.மீ. விரிய வேண்டும், சிலந்தி விடாது. நாஸ்ட்ரானின் ஆர்பிஇ2-க்கு விரிவுக் குணகம் கொடுக்க ஓர் இடம் உண்டு, அதை நிரப்பலாம். சராசரி எடுக்கும் வகையான ஆர்பிஇ3-க்கு மாறலாம். அல்லது போல்ட்டையே பீம் எலிமென்டாகப் போட்டு அதற்கும் வெப்பநிலை கொடுக்கலாம்.

சூடாக்கும் பாகத்தில் சில நோடுகள் தொடக்க வெப்பநிலைக்கும் கீழே போகின்றன. 30 டிகிரியில் தொடங்கியது 12 டிகிரி ஆகிறது. எப்படி?

சூடாக்கினால் எதுவும் குளிராது என்பது நமக்குத் தெரியும், எலிமென்டுக்குத் தெரியாது. மேற்பரப்பில் திடீரென்று வெப்பம் ஏறும்போது, முதல் எலிமென்டுக்குள்ளேயே வெப்பநிலை செங்குத்தாக விழுகிறது. அந்தச் சரிவை ஒரே எலிமென்டால் வரைந்து காட்ட முடியாமல், வளைகோடு மறுபக்கம் கீழே தாழ்ந்து எழும்.

நேர அடிக்கும் (கணக்கு ஒரு தாவலில் கடக்கும் நேரம்) எலிமென்ட் அளவுக்கும் உள்ள பொருத்தம் தவறியதுதான் காரணம். பலரும் நேர அடியைக் குறைத்துப் பார்ப்பார்கள், நோய் முற்றும். நேர அடிக்கு ஒரு கீழ் வரம்பு இருக்கிறது: எலிமென்ட் நீளத்தின் வர்க்கத்தை, வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் காட்டும் வெப்பப் பரவுதிறனின் ஆறு மடங்கால் வகுக்க வேண்டும். எஃகின் பரவுதிறன் வினாடிக்குச் சுமார் 12 சதுர மி.மீ. எலிமென்ட் 5 மி.மீ. என்றால் 25-ஐ 72-ஆல் வகுக்க, 0.35 வினாடி. அதற்குக் கீழே போகக் கூடாது. அதைவிடச் சிறிய நேரத்தில் நடப்பது உங்களுக்கு வேண்டுமென்றால் மெஷ்ஷைத்தான் சிறிதாக்க வேண்டும், 1 மி.மீ. எலிமென்டுக்கு 0.014 வினாடி வரை இறங்கலாம். முழுப் பாகத்தையும் பொடியாக்கத் தேவையில்லை. வெப்பம் தாக்கும் பரப்பை ஒட்டி, வெங்காயத் தோல் போல மெல்லிய அடுக்குகள் நாலைந்து வைத்தால் போதும். வெப்பக் கணக்கை மட்டும் நடு நோடு இல்லாத லீனியர் எலிமென்டில் ஓட்டினாலும் இந்த ஆட்டம் பெருமளவு அடங்கும்.

தகைவுக்கும் ஒரு மேல் வரம்பு கையில் வைத்திருங்கள். 300 டிகிரியில் இருக்கும் எஃகை 30 டிகிரித் தண்ணீரில் போட்டால், மழமழப்பான மேற்பரப்பில் மீள்தன்மைக் கணக்குப்படி அதிகபட்சம் 270 × 3.43, அதாவது 926 மெகாபாஸ்கல். தண்ணீர் எவ்வளவு வேகமாக வெப்பத்தை உறிஞ்சினாலும் இதைத் தாண்ட முடியாது. துளையோ மூலையோ இல்லாத இடத்தில் 1,500 காட்டினால் அது இந்தக் கீழ்-மேல் ஆட்டத்தின் விளைவு.

கடைசி நேரத்து வெப்பநிலையை எடுத்துத் தகைவு கணக்கிட்டேன். குறைவாகத்தான் வருகிறது. ஆனால் தளத்தில் விரிசல் விட்டிருக்கிறதாமே?

கடைசி நேரத்தில் எல்லாம் சூடாகி அமைதியாகியிருக்கும். தகைவு உச்சம் தொடுவது வெப்பநிலை உச்சம் தொடும்போது அல்ல, உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு உச்சம் தொடும்போது. அது முன்னாடியே வந்து போய்விட்டது. நீங்கள் அதைச் சேமிக்கவில்லை.

எந்த நேர இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: தடிமனின் வர்க்கத்தைப் பரவுதிறனால் வகுக்கவும். 50 மி.மீ. சுவருக்கு 2,500-ஐ 12-ஆல் வகுக்க, சுமார் 210 வினாடி. திடீர் வெப்பத் தாக்குதல் என்றால் உச்சம் பெரும்பாலும் அதன் முதல் பாதிக்குள் வந்துவிடும். அந்த இடைவெளியில் ரிசல்டை நெருக்கமாகச் சேமியுங்கள். பிறகு தாராளமாக விடலாம். நிறுத்தும்போது குளிர்வதையும் மறக்காதீர்கள். குளிரும்போது மேற்பரப்பில் வருவது இழுப்புத் தகைவு. விரிசலைத் திறப்பது அதுதான்.

வெப்பநிலை சீரான வேகத்தில் ஏறினால் கதை வேறு. ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் வெப்பக்காப்பு போர்த்திய சுவரில், சூடான பரப்புக்கும் சுவரின் சராசரிக்கும் உள்ள வேறுபாடு: ஏறும் வேகம் × தடிமன் வர்க்கம் ÷ பரவுதிறனின் மூன்று மடங்கு. 100 மி.மீ. சுவர், நிமிடத்துக்கு 5 டிகிரி என்றால் 23 டிகிரி வேறுபாடு, 3.43-ஆல் பெருக்கினால் சுமார் 79 மெகாபாஸ்கல். தடிமன் வர்க்கமாக வருவதைக் கவனியுங்கள். கனமான சுவருள்ள பாய்லர் டிரம்மையும் டர்பைன் உறையையும் மெதுவாகச் சூடாக்க வேண்டும் என்று ஆபரேட்டர்கள் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

விரிவுக் குணகத்துக்கு அட்டவணையில் இரண்டு மூன்று பத்திகள் இருக்கின்றன. எதை எடுப்பது?

அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) விதித்தொகுப்பின் இரண்டாம் பிரிவு, டி பகுதியில் உள்ள அட்டவணைகளில் ஏ, பி, சி என்று மூன்று பத்திகள் இருக்கும். ஏ என்பது அந்த வெப்பநிலையில் உள்ள உடனடிக் குணகம். பி என்பது 20 டிகிரியிலிருந்து அந்த வெப்பநிலை வரை எடுத்த சராசரி. சி என்பது 20 டிகிரியிலிருந்து மொத்த நீட்சி. மென்பொருள்கள் சாதாரணமாகக் கேட்பது சராசரியை, அதாவது பி-யை. அதை சீகன்ட் குணகம் என்று எழுதியிருப்பார்கள்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? உடனடிக் குணகம் 20 டிகிரியில் 11.5, 300 டிகிரியில் 14.5 என்று நேர்கோட்டில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 13. மீட்டருக்கு உண்மையான நீட்சி 3.64 மி.மீ. சராசரி கேட்கும் இடத்தில் 14.5-ஐப் போட்டால் 4.06. பதினொரு சதவீதத்துக்கு மேல் பிழை. பெரிதாக இல்லாததால் யார் கண்ணிலும் படாது. அதுதான் இதன் ஆபத்து. 53, 703 மாதிரி எண்கள் தாமாகவே காட்டிக்கொடுக்கும். இது பத்து வருடம் அறிக்கைகளுக்குள் குடியிருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பமும் உண்டு. சராசரிக் குணகம் 20 டிகிரியிலிருந்து அளந்தது. ஆனால் உங்கள் பாகம் தகைவற்று இருந்தது 120 டிகிரியில், பசை இறுகியபோது. இவை இரண்டு வேறு வெப்பநிலைகள், இரண்டையும் மென்பொருளுக்குத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அபாகஸில் அட்டவணையின் தொடக்கப் புள்ளியை எக்ஸ்பான்ஷன் வரியிலேயே கொடுக்க வேண்டும். தகைவற்ற நிலையைத் தொடக்க வெப்பநிலையாகக் கொடுக்க வேண்டும். ஆன்சிஸிலும் இரண்டுக்கும் வெவ்வேறு இடங்கள் உண்டு. ஒன்றையே இரண்டு இடத்திலும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

மில்லிமீட்டர்–டன்–வினாடி அலகில் வேலை செய்கிறேன். வெப்பப் பண்புகளை எப்படி மாற்றுவது?

கடத்துதிறன் 45 என்றால் 45-ஆகவே இருக்கும். வாட்டும் மீட்டரும் இரண்டும் ஆயிரம் மடங்கு மாறி ஒன்றையொன்று அடித்துவிடும். அடர்த்தி 7,850 என்பது 7.85 × 10⁻⁹. தன்வெப்பம் 480 என்பது 4.8 × 10⁸. சூடான காற்றுக்கோ நீருக்கோ கொடுக்கும் வெப்பப் பரிமாற்றக் குணகத்தை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். இதை மறப்பவர்களே அதிகம். மறந்தால் சுவரின் பரப்பு வெப்பநிலை, சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் காற்று அப்படிச் செய்யாது.

கதிர்வீச்சு இருந்தால் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் மாறிலி 5.67 × 10⁻⁸ என்பது 5.67 × 10⁻¹¹ ஆகும். செல்சியஸில் வேலை செய்தால் தனிச்சுழியம் −273.15 என்று மென்பொருளுக்குச் சொல்லவும் வேண்டும்.

தகைவுப் படம் எலிமென்டுக்கு எலிமென்ட் கோடு போட்ட மாதிரி ஏறி இறங்குகிறது.

வெப்பநிலையும் இடப்பெயர்ச்சியும் ஒரே படியுள்ள எலிமென்டில் ஓடுகின்றன. இடப்பெயர்ச்சி இருபடியாக இருந்தால் அதிலிருந்து வரும் திரிபு ஒருபடிதான். வெப்பநிலையும் இருபடி என்றால், வெப்பத் திரிபு இடப்பெயர்ச்சித் திரிபைவிட ஒரு படி மேலே நிற்கும். அந்த மிச்சம் தகைவாகக் கோடு போடும். அபாகஸின் 20 நோடு இணைப்பு எலிமென்டில் இடப்பெயர்ச்சியை இருபடியாகவும் வெப்பநிலையை ஒருபடியாகவும் வைத்திருப்பது இதற்காகவே. நீங்களும் வெப்பத்துக்கு லீனியர், தகைவுக்குக் குவாட்ராடிக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பக் கணக்கிலிருந்து வேறு மெஷ்ஷுக்கு வெப்பநிலையை மேப் செய்தேன். ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள்.

தகைவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தகைவு மாடலிலேயே வெப்பநிலைப் படத்தைப் போட்டுப் பாருங்கள். 400 டிகிரிக் கூட்டத்துக்கு நடுவே 0 அல்லது 22 டிகிரியில் ஒரு நோடு உட்கார்ந்திருக்கும். இணை கிடைக்காத நோடுக்கு மென்பொருள் இயல்பு மதிப்பைக் கொடுத்துவிட்டது. இரண்டு மாடலில் ஒன்று மீட்டரிலும் மற்றது மில்லிமீட்டரிலும் இருந்தால் எல்லா நோடுகளும் இப்படி ஆகும். அது சட்டென்று தெரிந்துவிடும் என்பதால் பரவாயில்லை.

கன்வர்ஜ் ஆகவில்லை, அதாவது கணக்கு ஒரு விடையில் வந்து நிற்கவில்லை. எங்கே தொடங்குவது?

வெப்பநிலையை ஒரே அடியில் ஏற்றாமல் படிப்படியாக ஏற்றுங்கள். கான்டாக்ட் இருந்தால், சூடேறும்போது பாகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒரு பாகம் பிடிப்பே இல்லாமல் மிதக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய உறைக்குள் எஃகு பேரிங் இருந்தால் இது நிச்சயம் நடக்கும், ஏனென்றால் அலுமினியம் ஏறக்குறைய இரட்டிப்பாக விரியும். அடுத்து, பிளாஸ்டிக் பண்பு (நிரந்தர உருமாற்றம்) அட்டவணை 400 டிகிரியோடு முடிந்திருக்க, மாடல் 600-க்குப் போகிறதா என்று சரிபாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால்தான் சால்வர் அமைப்புகளைத் தொட வேண்டும்.

மூலையில் ஃபில்லட் (உருட்டிய வளைவு) இல்லை. அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகிறது. எந்த எண்ணை அறிக்கையில் எழுத?

அந்த எண்ணை எழுதவே கூடாது. நிஜ பாகத்தில் ஃபில்லட் இருந்தால் மாடலிலும் போடுங்கள். இரண்டு உலோகம் ஒட்டும் இடத்தின் வெளி விளிம்பில் மூலையே இல்லாவிட்டாலும் இந்த முடிவிலி எழும். அங்கே ஒரு குறிப்பிட்ட தூரம் தள்ளிய மதிப்பை எடுத்து, ஒரே மெஷ்ஷில் இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம்.

எல்லாம் சரிபார்த்தாயிற்று. ஆனாலும் 1,200 மெகாபாஸ்கல். எஃகின் யீல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 250. பாகம் உடைந்துவிடுமா?

முதல் தடவையில் உடையாது. 1,200 என்பது முழுதும் பிடித்த கம்பிக்கு 500 டிகிரி வேறுபாடு. அதன் திரிபு 0.6 சதவீதம் மட்டுமே. யீல்டுக்கு முன் 0.125 சதவீதம் போக மிச்சம் பிளாஸ்டிக் திரிபு. முறிவதற்குள் இருபது சதவீதம் நீளக்கூடிய எஃகுக்கு இது ஒரு பொருட்டல்ல. எடையைத் தொங்கவிட்டால் கம்பி யீல்டு ஆன பிறகும் எடை இழுத்துக்கொண்டே இருக்கும். வெப்பமோ 0.6 சதவீதம் இடம் கேட்கிறது, கிடைத்ததும் அடங்கிவிடுகிறது. அதனால்தான் ஏஎஸ்எம்இ விதிகள் இதை இரண்டாம் நிலைத் தகைவு என்று தனியாகப் பிரித்துப் பேசுகின்றன.

சிக்கல் திரும்பக் குளிரும்போது தொடங்குகிறது. சூட்டில் அமுங்கிக் குறுகிய கம்பி, குளிர்ந்ததும் பழைய நீளத்துக்கு இழுபடும். மீள்தன்மைக் கணக்கில் வரும் தகைவு வீச்சு யீல்டின் இரண்டு மடங்கான 500-க்குள் இருந்தால், முதல் சுற்றில் சற்றே வளைந்துகொடுத்துவிட்டு அடுத்தடுத்த சுற்றுகளில் மீள்தன்மையோடு நடந்துகொள்ளும். விதிகளில் வரும் ‘அனுமதித் தகைவின் மூன்று மடங்கு’ என்ற வரம்பு பிறந்தது இங்கேதான். அனுமதித் தகைவு யீல்டின் மூன்றில் இரண்டு பங்கு என்றால், அதன் மூன்று மடங்கு யீல்டின் இரண்டு மடங்கு. நம் கம்பிக்கு அது சுமார் 208 டிகிரி வேறுபாடு. 500 டிகிரி அதைத் தாண்டிவிட்டது. எனவே ஒவ்வொரு தடவை ஓட்டி நிறுத்தும்போதும் பிளாஸ்டிக் திரிபு சேரும், சில நூறு அல்லது சில ஆயிரம் சுற்றுகளில் விரிசல் வரலாம். இதைக் கணக்கிட வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பண்பை கைனமாடிக் ஹார்டனிங்கில் (ஒரு பக்கம் யீல்டு ஆனால் எதிர்ப்பக்க யீல்டு குறையும் மாதிரி) கொடுத்து, குறைந்தது மூன்று நான்கு சுற்றுகள் ஓட்டி, சுற்றுக்கான திரிபு வீச்சைப் பாருங்கள். ஐசோட்ரோபிக் ஹார்டனிங் கொடுத்தால் பொருள் செயற்கையாக இறுகி, எல்லாம் நலம் என்று பொய் சொல்லும்.

வார்ப்பிரும்பு, கண்ணாடி, பீங்கான் இவற்றுக்கு இந்த ஆறுதல் எதுவும் பொருந்தாது. அவை முதல் சுற்றிலேயே விரிசல் விட்டுவிடலாம். மெல்லிய, நீளமான பாகம் அமுக்கத்தில் இருந்தால் வேறொரு பயம் உண்டு. மேலே சொன்ன தண்டவாளத்தில் 96 மெகாபாஸ்கல் யீல்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் கோடை மதியத்தில் அது பாம்பு போல நெளிந்து பாதையைவிட்டு வெளியே வருவது உண்டு. லீனியர் ஸ்டாடிக் கணக்கு அதைக் காட்டவே காட்டாது. தனியாக பக்ளிங் கணக்கு ஓட்ட வேண்டும்.

என் அமைப்பு சரிதானா என்று பார்க்கத் தெரிந்த விடையுள்ள கணக்கு ஏதாவது?

இரண்டு சொல்கிறேன். ஒன்று, டிமோஷென்கோ 1925-இல் தீர்த்த இரட்டை உலோகப் பட்டை. இரண்டு அடுக்குக்கும் ஒரே தடிமன், ஒரே யங் குணகம் கொடுத்தால் வளைவு என்பது 1.5 × விரிவுக் குணக வேறுபாடு × வெப்பநிலை ஏற்றம் ÷ மொத்தத் தடிமன். 2 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம், குறைந்த அகலம், குணக வேறுபாடு 11 × 10⁻⁶, ஏற்றம் 100 டிகிரி என்றால், ஒரு முனையைப் பிடித்தபோது மறுமுனை 4.1 மி.மீ. எழ வேண்டும்.

இரண்டு, சிமுலேஷன் துறைக்கான நாஃபெம்ஸ் அமைப்பின் எல்இ11 என்ற சோதனைக் கணக்கு. உருளை, கூம்பு, கோளம் மூன்றும் சேர்ந்த திண்மம். வெப்பநிலை ஆரத்தோடும் உயரத்தோடும் நேர்கோட்டில் ஏறுகிறது. விரிவுக் குணகம் 2.3 × 10⁻⁴ என்று எஃகைப்போல ஏறக்குறைய இருபது மடங்கு கொடுத்திருப்பார்கள்; அச்சுப்பிழை என்று நினைத்து நீங்களாகத் திருத்திவிட வேண்டாம். ஏ புள்ளியில் செங்குத்துத் தகைவு −105 மெகாபாஸ்கல் வர வேண்டும். குறி மாறி +105 வந்தால், வெப்பநிலையையோ ரெஃபரன்ஸையோ தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள்.